சாம்பல் நிறப் பேட்

வார்னிஷ் காய்ந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் மேசை பளபளக்கிறது. உள்ளங்கையால் தடவினால் மட்டும் ரவையைத் தொட்டதுபோல் நெருடுகிறது. இதை எதைப் போட்டுத் தேய்ப்பது? டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், பேசுவோம்.

அந்த நெருடல் பெரும்பாலும் பூச்சு ஈரமாக இருந்தபோது வந்து ஒட்டிய தூசி. தண்ணீர் கலக்கும் பூச்சாக இருந்தால், ஈரம் பட்டு எழுந்து நின்ற மர நாராகவும் இருக்கலாம். எதுவானாலும் அது மேடு. மேட்டைச் சீவத் தட்டையான பொருள் வேண்டும். கட்டையில் சுற்றிய உப்புத்தாள் மேட்டைத்தான் தொடும், பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். நைலான் பேட் அப்படியல்ல. மெத்தென்ற நைலான் இழைகளில் உராய்பொடியைப் பிசினால் ஒட்டிச் செய்தது அது. அழுத்தினால் வளைந்து மேட்டிலும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும். ஆகவே பேட் பரப்பைச் சமன் செய்யாது. இருக்கிற பரப்பை இருக்கிறபடியே மங்கவைக்கும் அல்லது மெருகேற்றும். இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நீங்களே செய்து பார்க்கலாம். 400 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி லேசாக ஓட்டுங்கள். தூளைத் துடைத்துவிட்டு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். எங்கும் மங்கியிருக்க, நடுநடுவே மிளகளவு பளபளப்புப் புள்ளிகள் தெரியும். அவை தாள் தொடாத பள்ளங்கள். அங்கே பேட் போட்டால் புள்ளிகள் மறையும், பள்ளம் மறையாது. கடைசியில் பளபளப்பு ஏற்றியபின் மேசை அலை அலையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இனி நிறங்கள். 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்-பிரைட் வரிசையில் மெரூன் பேட், அதாவது 7447, ஏறக்குறைய 320 தாளுக்குச் சமம். 7448 சாம்பல், அது 600 முதல் 800 வரையிலான தாளின் வேலையைச் செய்யும். 7445 வெள்ளை; துடைத்துச் சுத்தம் செய்யவும் கடைசி மெருகுக்கும் அது. இவை தோராயக் கணக்குதான். வேறு நிறுவனங்களின் நிறங்கள் இதே வரிசையில் வருவதில்லை என்பதால் அட்டையில் உள்ள தரத்தைப் படித்து வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பாலிஷ் பக்கமே கொண்டுவராதீர்கள், கீறல் விழும்.

தாளிலும் ஒரு கண்ணி உண்டு. எண்ணுக்கு முன் 'பி' இருந்தால் அது ஐரோப்பிய அளவு. பி600 தாளின் துகள் சுமார் 26 மைக்ரான்; 'பி' இல்லாத அமெரிக்க 600 சுமார் 16 மைக்ரான்தான். ஒரே எண்ணென்று நம்பி மாற்றிப் போட்டால் தேய்ப்பு மாறிவிடும்.

எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தை விடுங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரில் புதுக் கோட்டு பழையதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒட்டும். காய்ந்து இறுகிய பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு கரையாது, மேல்கோட்டுக்குப் பிடிப்பு தருவது மெல்லிய கீறல்கள்தான். அதனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 320, 400 தாளோ மெரூன் பேடோ போதும். அங்கே 2000 போட்டு வழவழப்பாக்கினால் மேல்கோட்டு உரிந்து வரக்கூடும். தேய்க்கும்போது தாளில் கோந்துபோல் திரண்டால் பூச்சு இன்னும் காயவில்லை. அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

ஸ்டீல் உல் என்று விற்கும் இரும்புப் பஞ்சில் 0000 ரகம் அருமையான சாட்டின் மெருகு தரும். ஆனால் அதன் இழைத் துணுக்குகள் உடைந்து மர ரேகைக்குள் தங்கும். மேலே தண்ணீர்ப் பூச்சு அடித்தால் துருப்புள்ளி எழும். கருவேலம் போலத் துவர்ப்புச் சத்து மிகுந்த மரமானால் கறுத்தே போகும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாவதும் இதே வேதிவினைதான். அந்த இடங்களில் நைலான் பேட்தான் சரி.

உப்புத்தாள் வருமுன்னே பராய் மரத்தின் சொரசொர இலையால் மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் அதுதான்.

கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் வாட்டர் பேப்பரில் 1000, 1500, 2000 என்று சோப்புத் தண்ணீர் தொட்டு ஏறி, பாலிஷ் காம்பவுண்டில் முடிக்க வேண்டும். விளிம்புகளில் கை பாரம் வேண்டாம். பூச்சு மெலிந்து மரம் தெரிந்துவிடும். வீட்டு மேசைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் எண்ணம். சாட்டின் மெருகே கண்ணுக்கு இதம், கைரேகையும் அவ்வளவாகத் தெரியாது. தூசி மேட்டைத் தாளால் சீவியபின், சாம்பல் பேடை ரேகையின் போக்கிலேயே நீள நீளமாக ஓட்டுங்கள். பேட் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் அந்தச் சாம்பலை வாங்குங்கள், முதலில் மேசையின் அடிப்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள்.