நிழலில் வளர்ந்த பவளம் வெளிச்சத்துக்குப் பழகும் விதம்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் ராஜராஜன் காலத்து நகைப் பட்டியல்களைப் படித்தால், முத்துக்கும் மாணிக்கத்துக்கும் இடையே பவழமும் வருகிறது. நகைக்கு உகந்த சிவப்புப் பவழத்துக்குப் பேர்போனது மத்தியதரைக் கடல். மேலைநாட்டுப் பவழம் முசிறித் துறைமுகத்தில் வந்து இறங்கியதை முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. அந்தச் சிவப்புப் பவழம் வெயிலைத் தேடாது. கடலடிக் குகைகளிலும் அரையிருட்டிலும்தான் வளரும்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளரும் பவளமும், மன்னார் வளைகுடாவில் பார் (கடலடித் திட்டு) கட்டும் பவளமும் வேறு வகை. அவற்றுக்கு வெளிச்சம்தான் சோறு.

பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்பால் வீடு கட்டி வாழ்கின்றன. ஒவ்வொரு பாலிப்பின் திசுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கும். அவை ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை ஆக்கி, குடியிருக்கும் வீட்டுக்காரருக்கே சமைத்துப் போடுகின்றன. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைத்துவிடும். பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியின் நிறம்தான்.

மங்கிய வெளிச்சத்தில் பல மாதம் இருந்த பவளம், கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிப்பதற்காகப் பாசிகளையும் பச்சையத்தையும் நிறைய வைத்துக்கொள்ளும். அதனால் நிறம் அடர்ந்த பழுப்பாக இருக்கும். அந்த நிலையில் திடீரென்று பலத்த விளக்கைப் போட்டால், தாங்க முடியாத அளவு ஒளி உள்ளே போகிறது. ஒளிச்சேர்க்கை எந்திரம் திணறி, திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வகைகளைக் கக்குகிறது. பவளம் வேறு வழியின்றிப் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. திசு கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு வெளியே தெரிகிறது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. பட்டினி கிடக்கிறது.

கும்பகோணம், ராஜகிரிப் பக்கத்துக் கொடிக்கால்காரர்களுக்கு இது விளங்க அதிக நேரம் ஆகாது. முதலில் அகத்தியை விதைத்து, அது நிழல் தரத் தொடங்கிய பிறகே வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். நிழலை ஒரேயடியாக எடுத்துவிட்டால் இலை கருகும் என்பதால் அகத்தியைப் பார்த்துப் பார்த்துத்தான் கழிப்பார்கள். பவளம் வளர்ப்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

பழைய குழல் விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் வரும். நம் கண் வெளிச்சத்தை அளப்பதில் நம்பத்தகாதது. எல்.இ.டி.யின் நீல ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும், பாசிக்கு அது நிறைவான விருந்து. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை PAR மீட்டர் என்ற கருவியை நீருக்குள் இறக்கி அளக்கிறார்கள். உச்சிவெயிலில் திறந்த வெளியில் அது 2000 வரை காட்டும். காளான் வடிவ மென்பவளத்துக்கு 50 முதல் 100 போதும். கிளை விட்டு வளரும் அக்ரோபோராவுக்கு 250, 300 வேண்டும்.

புது விளக்கைப் பாதி அளவிலோ அதற்கும் கீழேயோ தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். முழு அளவுக்கு வர மூன்று, நான்கு வாரம் ஆகும். ஒளியைக் குறைக்கும் வசதி இல்லாத விளக்கென்றால், தொட்டிக்கு மேலே கொசுவலை போன்ற துணியை நாலைந்து மடிப்பாக விரித்து, வாரத்துக்கு ஒரு மடிப்பாக எடுப்பார்கள். பவளத்தைத் தொட்டியின் அடியில் வைத்து, நாள்பட மேலே ஏற்றுவதும் உண்டு. அவசரப்படாதவர்களுக்குப் பவளமே பதில் சொல்லும். பாசியைத் தானே குறைத்துக்கொண்டு, ஒளியைத் தடுக்கும் நிறமிகளைச் சேர்க்கும். அழுக்குப் பழுப்பாக இருந்த கிளை நுனியில் ஊதாவும் இளஞ்சிவப்பும் எட்டிப் பார்க்கும். தவறு நடந்தாலும் அடையாளம் உண்டு. விளக்கைப் பார்த்த மேல்பக்கம் முதலில் வெளுக்கும், நிழலில் இருக்கும் அடிப்பக்கம் பழுப்பாகவே நிற்கும். அப்போது தாமதிக்காமல் ஒளியைக் குறைக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பார் கட்டும் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் கரையில் ஒரு கிளையை உடைத்து எடுத்து வந்தாலும் அது குற்றம். பவளத்தொட்டி என்பது சிங்கப்பூர் போன்ற ஊர்களில் பரவலாக உள்ள பொழுதுபோக்கு.

நமக்குப் பவளம் கடலில்தான் இருக்கிறது. டெல்டாவின் கரையில் காவிரியின் வண்டலும் நன்னீரும் சேர்வதால் பார் வளராது. மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் கடற்புல்தான். தெற்கே மண்டபத்தைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குப் போனால், தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள். அவற்றில் இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தது அந்தப் பார்களுக்கு நேர்ந்த பெரிய சேதம்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் அங்கே பவள நடவு செய்து வருகிறது. உயிருள்ள பவளத்துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டி, கடலடியில் வைத்த கான்கிரீட் சட்டங்களில் பொருத்துகிறார்கள். நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவதுபோலத்தான். எந்த இடத்து நடவிலும் ஆழம் முக்கியம். ஆழத்தில் வளர்ந்த துண்டை மேட்டில் நட்டால், தொட்டியில் விளக்கு மாற்றிய கதைதான் அங்கும் நடக்கும்.

கடலில் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. நீர் வழக்கத்தைவிடச் சூடானால், நேற்றுவரை தாங்கிய அதே வெயில் இன்று பாசியை எரிக்கும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் வெளுப்பு நிகழ்ந்தது. தொட்டிக்காரர் விளக்கைத் திருகிக் குறைக்கலாம், பாருக்கு அந்த வழி இல்லை. சித்திரை, வைகாசியில் கடல் அசையாமல் கிடக்க, ஒரு ஆள் ஆழத்துப் பவளமும் வெயிலை முழுதாக வாங்குகிறது. நீர் குளிர்ந்த பிறகு, பிழைத்த பவளங்களில் மட்டும் பழுப்பு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.