முதுமையும் ஓட்டமும்

ஓட்டம் இளமைக்கே உரியதென்பது பலர் கருத்து. பள்ளியை விட்டு நீங்குங்கால் விளையாட்டையும் உடன் விடுதல் நம்மிடை வழக்கமாயிற்று. இவ்வழக்கம் பிழையென்பதற்கு முள்ளியவளையே சான்று தருகின்றது. அவ்வூரினராகிய திருமதி அகிலத்திருநாயகி அம்மையார், 2023ஆம் ஆண்டிலே பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், தமது 72ஆம் வயதில், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவுநடையிலும் தங்கப் பதக்கங்களும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

மூத்தோர் போட்டிகள் 35 வயது முதலாக ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாய் வகுக்கப்படுவன. காரணம் யாதெனின், நடுவயது தொட்டுத் தசை சிறிது சிறிதாகக் குறையும். இதயத்தின் உச்சத் துடிப்பும் தாழும். ஆதலின் ஒத்த வயதினர் தம்முள் போட்டியிடுதலே முறையாம். ஆயினும் இத்தேய்வு முழுவதும் முதுமையின் செயலன்று. பயிற்சியின்மையும் அதற்கு ஏதுவாகும். தொடர்ந்து உழைக்கும் தசை மெல்லவே தேயும். நெடுங்காலம் ஓய்ந்திருந்த தசையும் முறையான பயிற்சியால் முதுமையிலும் வலுப்பெறும்.

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்குக் கணக்கிடின் அது அரைமணி நேரத்தினும் குறைவே. நெடுநாள் பயிற்சியற்றோர் நடையில் தொடங்கி, படிப்படியாக ஓட்டத்துக்குச் செல்லுதல் நன்று. நோயுடையோர் முதற்கண் மருத்துவரை வினவுதல் வேண்டும்.

மாணவர்காள்! உங்கள் தேர்வுகள் ஒருநாள் முடிவுறும். அந்நாளே உங்கள் ஓட்டத்துக்கும் முடிவு நாளாதல் வேண்டா. ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இன்று மாலையே நடக்கத் தொடங்கலாமன்றோ?