வீட்டுக் கணினியில் ஒரு பற்று நோட்டு

இராஜபாளையத்தில் ஓர் இல்லத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். தந்தை நூற்பாலையில் பணிபுரிகிறார். மகன் நாள்தோறும் பேருந்தில் திருவில்லிபுத்தூருக்குச் சென்று பயில்கிறான். மகள் பத்தாம் வகுப்பு மாணவி. வீட்டில் இருப்பது ஒரே கணினி. அது கூடத்தில், எல்லாரும் காணும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நாள் பிற்பகல். வீட்டில் யாருமில்லை. தாய் கணினிமுன் அமர்கிறார். மார்பில் சிறு கட்டி ஒன்று சில நாள்களாக அவரை அச்சுறுத்துகிறது. கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அது என்ன நோயாக இருக்கலாம், எங்கே மருத்துவம் பார்க்கலாம், எவ்வளவு செலவாகும் என்று நான்கைந்து இணையத்தளங்களில் தேடிப் படிக்கிறார். பிறகு கணினியை மூடிவிட்டு அடுக்களைக்குச் செல்கிறார்.

மாலையில் மகள் பாடம் தேட அதே கணினியைத் திறக்கிறாள். பாடத்தின் ஓரத்தில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் விளம்பரம் தோன்றுகிறது. மறுநாள் வேறொரு தளத்திலும் அதே விளம்பரம். “அம்மா, இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?” என்று அவள் கேட்கிறாள். தாய் திகைத்து நிற்கிறார். அவருடைய அச்சத்தை அந்த இயந்திரத்துக்குச் சொன்னது யார்?

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் எந்த இல்லத்திலும் இது நிகழக்கூடும். இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ‘குக்கி’ எனப்படும் ஒரு சிறு குறிப்பு. அதைப் பற்றிக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

குக்கி என்பது யாது?

பெயரைக் கேட்டதும் பலகாரம் நினைவுக்கு வரலாம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை! கணினி வல்லுநர்கள் தமக்குள் ‘மேஜிக் குக்கி’ என்று வழங்கிவந்த பழைய சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

இணையத்தளங்களுக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் தரும். அடுத்த நொடியே இன்னொரு பக்கத்தைக் கேட்டால், கேட்பவர் முன்பு வந்தவரே என்பது அதற்குத் தெரியாது. இக்குறையை நீக்க, 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்னும் இளைஞர் ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை எழுதி, அதை நம் கணினியிலேயே வைத்துவிடும். மறுமுறை நாம் செல்லும்போது நம் உலாவி அக்குறிப்பைத் தானே எடுத்துக் காட்டும். தளமும் நம்மை அடையாளம் கண்டுகொள்ளும்.

நம் ஊர் மளிகைக் கடையின் பற்று நோட்டை எண்ணிப் பாருங்கள். நோட்டு நம் வீட்டில் இருக்கும். கடைக்குச் செல்லும்போது எடுத்துச் செல்வோம். கடைக்காரர் அதில் எழுதித் திருப்பித் தருவார். அதைப் பார்த்தே பழைய கணக்கை அறிவார். குக்கியும் அத்தகையதே. அது வெறும் எழுத்து. ஏறத்தாழ நாலாயிரம் எழுத்துகளுக்குள் அடங்குவது. அது தானாக இயங்கும் நிரலன்று. நோய்க்கிருமிபோல் கணினியைக் கெடுப்பதும் அன்று. இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்கையில், ஒவ்வொரு பக்கத்திலும் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேளாமல் நம்மை அழைத்துச் செல்வது இந்தக் குறிப்புதான். ஆகவே குக்கி அனைத்தையும் பகையாக எண்ணவேண்டியதில்லை.

எல்லாக் கடையிலும் ஒரே ஆள்

அவ்வாறாயின் தாயின் அச்சம் எவ்வாறு வெளிப்பட்டது?

இராஜபாளையம் தொடங்கித் திருவில்லிபுத்தூர் வரை உள்ள கடைகள் ஒவ்வொன்றிலும், கடைக்காரரின் அனுமதியோடு ஒரே நிறுவனத்தின் ஆள் ஒருவர் மூலையில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். முதற்கடையிலேயே அவர் உங்கள் பையில் எண்ணிட்ட சீட்டு ஒன்றைப் போட்டுவிடுகிறார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் எந்தக் கடைக்குச் சென்றாலும் அந்த எண்ணைப் பார்த்து, “இவர் மருந்துக் கடைக்கு வந்தார், துணிக் கடையில் நின்றார்” என்று எழுதிக்கொள்கிறார். பொழுது சாய்வதற்குள் உங்கள் ஒரு நாள் வாழ்வு முழுவதும் அவர் ஏட்டில் ஏறிவிடுகிறது.

இணையத்தில் இவ்வாறு அமர்ந்திருப்பவை விளம்பர நிறுவனங்கள். நாம் காணும் பக்கம் ஒரு தளத்தினுடையது. அதன் ஓரத்து விளம்பரமோ வேறொரு நிறுவனத்திலிருந்து வருவது. அவ்விளம்பரத்தோடு வந்து சேரும் குறிப்பே ‘மூன்றாம் தரப்புக் குக்கி’. நாம் செல்ல எண்ணிய தளம் ஒன்று. நம்மைக் குறித்துக்கொண்டது மற்றொன்று.

மேலும், கணினிக்கு எதிரே அமர்ந்திருப்பவர் தாயா மகளா என்பதைக் குக்கி அறியாது. ஒரே உலாவியை அனைவரும் பயன்படுத்தினால், அதன் பார்வையில் அனைவரும் ஒரே ஆள். ஆகவே ஒருவர் தேடியதன் எதிரொலி மற்றவர் கண்ணில் படுகிறது.

திறந்து கிடக்கும் அஞ்சல் பெட்டி

இன்னொரு இடரும் உண்டு. திருவில்லிபுத்தூரில் ஒரு கணினி மையத்திலோ நண்பன் வீட்டிலோ அமர்ந்து அந்த மகன் தன் மின்னஞ்சலைப் பார்க்கிறான் என்று கொள்வோம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வெளியேறும் பொத்தானை அழுத்தாமல், திரையை மட்டும் மூடிவிட்டு ஓடுகிறான். அவனை உள்ளே விட்ட குக்கி அங்கேயே தங்கிவிடுகிறது. அடுத்து அமர்பவர் அத்தளத்தைத் திறந்தால், கடவுச்சொல் இல்லாமலே அவன் அஞ்சல்கள் கண்முன் விரியலாம். மற்றத் தளங்களின் கடவுச்சொற்களை மாற்றும் கடிதங்களும் அந்த அஞ்சலுக்கே வருகின்றன என்பதை நினைத்தால் இதன் பேராபத்து விளங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வெளியேறும் பழக்கம். பிறருடைய கணினியில் எதைத் திறந்தாலும் முறைப்படி வெளியேறிய பின்னரே எழுந்திருக்கவேண்டும். மறந்துவிட்டால், பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளில், வீட்டிலிருந்தே மற்றக் கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேறும் வசதி இருக்கிறது.

இரண்டாவது, ஆளுக்கொரு கணக்கு. விண்டோஸ் கணினியில் தாய், தந்தை, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு அமைக்கலாம். ஒவ்வொருவருடைய குக்கிகளும் தனியே இருக்கும். வீடு ஒன்றேயாயினும் ஆளுக்கொரு பெட்டி வைத்துக்கொள்வது போன்றது இது. தொடக்கத்தில் அரைமணி நேரம் செலவாகும், பிறகு தொல்லையில்லை.

மூன்றாவது, மூன்றாம் தரப்புக் குக்கிகளுக்குத் தடை. சஃபாரி உலாவி 2020 முதல் அவற்றை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி ஜாடிகளில் அடைப்பதுபோல் பிரித்துவைக்கிறது. கூகுளின் குரோம் உலாவியிலும் அவற்றை ஒழிப்பதாக 2020இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024இல் அம்முடிவு கைவிடப்பட்டது. ஆதலால் குரோம் பயன்படுத்துவோர் அதன் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தாமே தடுத்துக்கொள்ளவேண்டும். கைபேசியிலும் அவ்வாறே.

நான்காவது, அவ்வப்போது துப்புரவு. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகியவற்றில் கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், அழிப்பதற்கான கட்டம் திறக்கும். எவ்வளவு காலத்துக் குறிப்புகள் அழியவேண்டும் என்று குறித்து, குக்கிகளைத் தேர்ந்து அழிக்கலாம். அழித்தபின் தளங்கள் மீண்டும் கடவுச்சொல் கேட்கும். எனவே அவற்றை முன்னரே ஏட்டில் குறித்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாவது, தனிச்சாளரம். பிறர் அறியத் தேவையில்லாததைத் தேடும்போது, உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்ளலாம். அதை மூடியவுடன் அதில் சேர்ந்த குக்கிகள் அழிந்துவிடும். அத்தாய் இதை அறிந்திருந்தால் அன்று மாலை அவர் திகைத்து நின்றிருக்கமாட்டார். எனினும் இது முழு மறைப்பன்று. இணைய இணைப்பைத் தரும் நிறுவனம் நாம் எத்தளத்துக்குச் சென்றோம் என்பதை அறியக்கூடும்.

சட்டம் கூறுவது

தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவரின் தரவைப் பெறுவதற்கு இசைவு கோரும்போது, தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகளிலும் அதைப் படிக்க வாய்ப்பளிக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் விதிக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்குரிய முதன்மைக் கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பின்னர் நடைமுறைக்கு வருமாறு அவ்விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும் சட்டம் வந்து காக்கும் என்று வாசற்கதவைத் திறந்துபோட்டு உறங்குவார் யாரும் இல்லை.

பெற்றோரே, “ஒரு குடும்பத்துக்குள் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். அன்புள்ள குடும்பத்திலும், ஒரு துயரத்தை எப்போது, யாரிடம், எந்தச் சொற்களால் கூறுவது என்பதை, அதைச் சுமப்பவரே முடிவு செய்யவேண்டும். அந்த உரிமையை ஒரு விளம்பரம் பறித்துக்கொள்ளலாகாது.

அதே வேளையில், குக்கியை அழித்தால் கட்டி மறைந்துவிடாது. அத்தாய் கணினியை மூடிவிட்டு, அன்றிரவே கணவரிடம் சொல்லவேண்டும். நாள் கடத்தாமல் மருத்துவரைக் காணவேண்டும். இயந்திரத்திடம் தனிமையில் கேட்ட கேள்வியை, இல்லத்தில் அன்புள்ள ஒருவரிடம் அச்சமின்றிக் கேட்க முடிகிறதா? கணினியைத் துப்புரவு செய்யும் நாளில், இதையும் ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நன்று.