பாதாளக் கரண்டியும் பத்தாம் நம்பர் போல்ட்டும்

முதலில் 'டிங்' என்று ஒரு சத்தம். அடுத்து, இன்னும் ஆழத்தில் ஒரு 'டக்'. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கோவையில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் என் காரின் டேப்பட் கவரைக் கழற்றி வைத்துவிட்டு, கேம் ஷாஃப்டின் மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்த பையனின் விரலிலிருந்து நழுவிய போல்ட், டைமிங் செயின் இறங்கும் பள்ளத்துக்குள் போய்விட்டது. பையனின் முகம் செத்துப்போனது. மூத்த மெக்கானிக் திட்டவில்லை. முதல் வேலையாகக் கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது கைக்கு வர்ற வரைக்கும் யாரும் எஞ்சினைச் சுத்தக் கூடாது சார்" என்றார் என்னிடம்.

அவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது டைமிங் செயின். சில எஞ்சின்களில் அந்த இடத்தில் பல் வைத்த ரப்பர் பெல்ட் இருக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற வேகத்தில் கார் போகும்போது கிராங்க் வினாடிக்கு 50 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

இடமோ மிகவும் நெருக்கடி. 1,200 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பத்தில் ஒரு பங்காகக் காற்றை அழுத்தும் எஞ்சின் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுவது சுமார் 33 மில்லி இடம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைவிடச் சற்றே அதிகம் கொள்ளும், அவ்வளவுதான். அந்தச் சின்ன இடத்தை வால்வுகளும் பிஸ்டனும் முறை வைத்துப் பயன்படுத்துகின்றன: வால்வு இறங்கும்போது பிஸ்டன் விலகியிருக்கும், பிஸ்டன் ஏறும்போது வால்வு ஒதுங்கியிருக்கும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த முறை தவறினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். வளைவது வால்வு.

பத்து கிராம்கூட எடையில்லாத ஒரு போல்ட் செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கினால் செயின் எழும்பிப் பல் தாண்டிவிடும். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்றால் ஒரு பல் தாண்டுவது 18 டிகிரி பிசகு. பல் தாண்டாவிட்டால், செயினை அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை உடையும், அல்லது அலுமினியக் கவரில் விரிசல் விழும். இதற்கு எஞ்சின் ஓடவே வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் சுற்றினாலே போதும். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே" என்ற அவசரம் ஒரு நல்ல எஞ்சினையே பலி வாங்கிவிடும்.

எங்கள் ஊரில் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி வாங்கி வரச் சொல்வார்கள். கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் அந்த இரும்புக் கருவி ஊருக்கு ஓரிரு வீட்டில்தான் இருக்கும். அதைக் கிணற்றில் இறக்குவதற்கு முன் பெரியவர்கள் தண்ணீர் தெளியட்டும் என்று காத்திருப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி அடித்து, வாளி எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். பார்க்காமல் துழாவினால் வாளி சேற்றில் புதைந்துவிடும். எஞ்சினிலும் இதேதான். கம்பியை விட்டுக் குருட்டாம்போக்கில் குத்தினால், கைக்கெட்டும் விளிம்பில் நிற்கும் போல்ட் இன்னும் கீழே போய்விடும்.

ஆகவே முதலில் வெளிச்சம். கண்ணாடியால் ஒளியைத் திருப்பும் அதே யோசனையை 1806-இல் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் போட்சினி மனித உடலுக்குள் பார்க்கப் பயன்படுத்தினார். அவர் கருவியில் விளக்கு ஒரு மெழுகுவத்தி. 1954-இல் லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தையே வளைத்துக் கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள். வயிற்றுக்குள் வளைந்து போகும் எண்டோஸ்கோப் அதிலிருந்து பிறந்தது. மெக்கானிக் கையிலிருந்த கருவியில் இழைக் கற்றை இல்லை. சுண்டுவிரலைவிட மெலிந்த கேபிளின் நுனியிலேயே ஒரு கேமரா சில்லும் அதைச் சுற்றிக் குட்டி விளக்குகளும் இருந்தன. படம் போனில் தெரிந்தது. அந்தச் சில்லுக்கு மூலம், 1990களில் நாசாவின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசம் விண்கலங்களுக்காக உருவாக்கிய உணரி. விண்வெளிக்காக யோசித்தது இன்று ஒர்க்‌ஷாப் மேசையில் கிரீஸ் படிந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

ஆனால் அந்தப் படத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல ஆழம் தெரியாது. கேபிள் முறுக்கிக்கொண்டால் மேல் எது, கீழ் எது என்பது போய்விடும். எண்ணெய் பூசிய ஒவ்வொரு பரப்பும் போல்ட் மாதிரியே மின்னும். இருபது நிமிடம் தேடிய பிறகு, கீழே கிராங்க் சக்கரத்துக்குப் பக்கத்தில், கவரின் உள்பக்கத் திட்டு ஒன்றில் ஆறு பட்டைத் தலை ஒன்று தெரிந்தது. பையன் மூச்சு விட்டான்.

அடுத்தது காந்தம். நீட்டிச் சுருக்கும் குச்சியின் நுனியில் இருக்கும் பட்டாணி அளவுக் காந்தத்துக்கு இத்தனை வலு வந்தது நியோடிமியத்தால். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாகக் கண்டறிந்த கலவை இது: நியோடிமியம் இரண்டு அணு, இரும்பு பதினான்கு, போரான் ஒன்று. இதில் ஒரு பலவீனம் உண்டு. சாதாரண வகைக் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். ஓடி நிறுத்திய எஞ்சின் ஆறட்டும் என்று மெக்கானிக் சொல்வது கை சுட்டுவிடும் என்பதற்காக மட்டும் இல்லை.

அலுமினியச் சுவரைக் காந்தம் கண்டுகொள்ளாது. அது பெரிய வசதி. மெல்லிய அலுமினியக் கவருக்கு வெளியே பெரிய காந்தத்தை வைத்து, உள்ளே கிடக்கும் போல்ட்டை நகர்த்திக் கொண்டுவரக்கூட முடியும். தொல்லை செயினால்தான். செயினும் பற்சக்கரமும் எஃகு. குச்சியை இறக்கிய ஒவ்வொரு முறையும் காந்தம் பக்கவாட்டில் செயினை 'டப்' என்று கவ்விக்கொண்டது. மெக்கானிக் ஒரு பழைய பால்பாயின்ட் பேனாவின் கூட்டை வெட்டி, காந்தத்தின் பக்கங்களை மறைத்து நுனியை மட்டும் வெளியே விட்டார். காந்த விசை தூரம் கூடக் கூட மளமளவென்று விழும். பேனாக் கூட்டின் கனம் தரும் இடைவெளியே பக்கவாட்டுப் பிடியைத் தளர்த்தப் போதுமானது. மிக எளிய இயற்பியல், அவர் யாரிடமும் பாடமாகப் படிக்காதது.

எல்லாப் போல்ட்டும் காந்தத்துக்கு வராது. பிஎம்டபிள்யூவின் மெக்னீசியம் கலந்த சில எஞ்சின்களில் உலோக அரிப்பைத் தவிர்க்க அலுமினிய போல்ட்டுகளையே போட்டிருக்கிறார்கள். அங்கே நான்கு கம்பி விரல்கள் விரிந்து மூடும் கவ்வுகுச்சிதான் கதி. அதுதான் அசல் பாதாளக் கரண்டி.

எங்கள் போல்ட் ஒருமுறை பாதி வழி வந்து நழுவியது. நல்லவேளையாக அதே திட்டில் விழுந்தது. இரண்டாம் முறை வந்துவிட்டது. பையன் சிரித்தான். மெக்கானிக் சிரிக்கவில்லை. "வாஷர் இருந்துச்சாடா?" என்றார். அவனுக்கு நினைவில்லை. பக்கத்து போல்ட் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார்கள். தலையோடு சேர்ந்தே வட்ட விளிம்பு கொண்ட வகை; தனி வாஷர் கிடையாது. அதன் பிறகுதான் அவர் டீ சொன்னார்.

போல்ட் கண்ணில் படவே இல்லையென்றால் ஆயிலை வடித்து, கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்ற வேண்டியிருக்கும். சம்பில் விழுந்த போல்ட்டால் ஆபத்தில்லை, ஆயில் பம்பின் வாயில் வலை இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. செயினில் சிக்குவதைவிட அது தேவலை என்பது உண்மை. ஆனால் கண்ணால் பார்க்காமல் அது சம்பில்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான் அந்த யோசனையை ஏற்க மாட்டேன்.

டீ குடித்த பிறகு, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்டில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து, வால் வெளியே தொங்கும்படி அந்தப் பள்ளத்தை அடைத்தான் பையன். சின்னத் துண்டாக இருந்தால் அதுவே உள்ளே போய்விடும், நூல் பிரிந்தால் பம்பின் வலையை அடைக்கும். பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனரின் வாயில் துளி கிரீஸ் தடவி, போல்ட்டை அதில் ஒட்டவைத்து இறக்கினான். எல்லாம் முடுக்கி, துணியை உருவிய பின், மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு, எஞ்சினை அது சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றினார். இரண்டு முழுச் சுற்று. கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூட அவ்வளவு வேண்டும். எங்காவது தட்டினால் கை உணர்ந்துவிடும்; மோட்டார் உணராது. எங்கும் தட்டவில்லை. பிளக்குகளையும் டேப்பட் கவரையும் மாட்டி முடித்த பிறகு, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.