வாடை மழையில் சைக்கிள்: நனைய வேண்டியது உடம்பு, நனையக்கூடாதது சேலை

திருகோணமலைக்கு இரண்டு மழை உண்டு. ஐப்பசியில் பின்னேரத்தில் இடி மின்னலோடு இறங்கி, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடுகிற மழை ஒன்று. கார்த்திகை பிந்தித் தொடங்கி மார்கழி, தை என்று வாடைக்காற்றோடு சாய்வாக நாள் முழுக்க அடிக்கிற மழை மற்றது. வருஷம் முழுவதும் இங்கே பெய்கிற ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றரில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். அந்த மாதங்களில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உடுப்பை எடுக்கிறார்கள்.

நான் ஆசிரியை. அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வீதியால் நகரத்துக்குப் போய்வருகிறேன். 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுந்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களில் ஸ்கூட்டியை மூலையில் நிறுத்தினேன். கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்து பெற்றோல் கிடைத்த பிறகும் சைக்கிளை விட மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாரியையும் சைக்கிளில்தான் கடக்கிறேன். எங்கள் ஊர் மழைக்கு எது சரிவரும், எது சரிவராது என்பதில் எனக்கு உறுதியான எண்ணங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, உடம்பை நனையாமல் கொண்டுபோகப் பார்க்கக்கூடாது என்பது. காப்பாற்ற வேண்டியது பையிலிருக்கும் மாற்றுடுப்பை.

கடைகளில் சேட்டும் களுசானுமாக ஒரு சோடி றெயின்கோட் விற்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அசையாமல் இருந்து போகிறவருக்கு அது நல்ல உடுப்பு. சைக்கிள் மிதிக்கிறவரின் நிலைமை வேறு. மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் கால்வாசிதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. காற்றுப் போகாத பிளாஸ்ரிக்குக்குள் அந்தச் சூடு வியர்வையாகி, வெளியேற வழியில்லாமல் உடுப்பிலேயே ஊறும். கோட்டைக் கழற்றிப் பிளவுஸைப் பிழிந்தால் மழைத்தண்ணீர் இருக்காது, வியர்வைதான் இருக்கும். உப்புவெளி யுத்த மயானத்தடியில் அடிக்கடி காண்கிற மீன்கார ஐயா ஒருவர் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ரீச்சர், கோட் போட்டும் நனைஞ்சுதானே வாறீங்க? பிறகென்னத்துக்கு அதைச் சுமக்கிறீங்க?” அவர் கடலுக்குப் போகும்போது ஒரு பெனியனும் அரைக்களுசானும்தான். கரைக்கு வந்ததும் பொலித்தீன் பைக்குள் சுற்றிவைத்த காய்ந்த சாரத்தை எடுத்து உடுத்துக்கொள்வார். நான் சொல்லவருவதும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் குறை புதிதல்ல. ஸ்கொட்லாந்தில் சார்ள்ஸ் மெக்கின்ரொஷ் 1823இல் இரண்டு துணிகளுக்கு நடுவே றப்பரைப் பூசி நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலேயே, அந்தக் கோட்டுக்குள் அவிகிறது என்று முறைப்பாடு இருந்தது. 1969இல் அமெரிக்காவில் றொபேர்ட் கோர் ரெஃப்லோனை இழுத்து விரித்து, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக்கினார். மழைத்துளி அந்தத் துளைகளுக்குள் நுழையாது, வியர்வை ஆவியோ வெளியே போய்விடும். கோர்-ரெக்ஸ் என்று உலகமெங்கும் விற்பது இதைத்தான். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் அனுப்பி இங்கேயும் சிலரிடம் இருக்கிறது. ஆனால் ஆவி வெளியே போவதற்கு, உள்ளே ஈரப்பதம் கூடவும் வெளியே குறையவும் வேண்டும். லண்டன் குளிரில் அந்த வித்தியாசம் தாராளமாக இருக்கும். எங்கள் மாரியில் வெளிக்காற்றும் இருபத்தைந்து இருபத்தாறு பாகைச் சூட்டில், தண்ணீர் பிழிகிற ஈரத்தோடு நிற்கிறது. ஆவிக்குப் போக இடம் குறைவு. அவ்வளவு காசைக் கொட்டி அதை இங்கே வாங்குவது வீண் என்பதே என் முடிவு.

கீழே திறந்திருக்கிற மேற்போர்வைதான் வெப்பநாட்டு மழைக்கு ஏற்றது. இது எங்கள் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒரு பழைய புத்தகத்திலும் இருக்கிறது. 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்து மூதூர்ப் பக்கத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் சிறையிருந்த றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் தாளிப்பனை ஓலையைப் பற்றி எழுதினார். விசிறிபோல மடிக்கலாம், பாரமில்லை, மழையில் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள் என்கிறார். மேலே தண்ணீர் தடை, கீழே காற்று தாராளம். சைக்கிள் கேப்பும் அதே முறைதான். தோளிலிருந்து ஹாண்டில் வரை கூடாரமாக விரியும், கால்கள் வெளியே இருக்கும்.

நகரத்தில் ஒரு தையல்காரரிடம் குடைச்சீலைத் துணியில் மஞ்சள் நிறத்தில் ஒன்று தைப்பித்தேன். முன்ஓரத்தில் பெருவிரல் மாட்ட இரண்டு வளையம், முதுகுப்பக்கம் உள்ளே இடுப்பில் கட்ட ஒரு நாடா. தையல் ஓட்டைகளால்தான் தண்ணீர் கசியும். மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்தால் நிற்கும். ஐப்பசி மழைக்கு இது போதும். மின்னல் வெட்டினால் மட்டும் எந்த உடுப்பும் உதவாது. இறங்கி ஒரு கட்டடத்துக்குள் ஒதுங்க வேண்டும், மரத்தடியில் அல்ல.

வாடைக்கு கேப் ஆகாது. காலையில் நான் தெற்கே போகிறேன். வடகிழக்குக் காற்று இடப்பக்கப் பின்னாலிருந்து தள்ளும், பாதகமில்லை. பின்னேரம் திரும்பும்போது அதே காற்று வலப்பக்க முன்னாலிருந்து வந்து கேப்பை ஊதிப் பெருப்பிக்கும். ஒரு பஸ் உரசிக்கொண்டு போனால் ஆளையே வீதி நடுவுக்கு இழுத்துவிடும். அந்த மாதங்களில் இடுப்பளவு மெல்லிய ஜாக்கெட், கழுத்தடி திறந்தபடி, நெஞ்சில் காற்று நேரே படாமலிருக்க. கீழே பொலியெஸ்டர் சுரிதார், கணுக்காலுக்கு மேலே நிற்கிற அளவில். பருத்தி எனக்குப் பிடித்த துணி, மருதமுனைக் கைத்தறியை விட்டால் வேறு சேலை வாங்கமாட்டேன். ஆனால் பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பொலியெஸ்டர் நூல் குடிக்காது, உதறினால் பாதி காய்ந்துவிடும். நனைந்த பருத்தி காற்றில் உடம்பை விறைக்கவும் வைக்கும்.

சேலைக்கு வருகிறேன். ஐந்தரை மீற்றர் துணியை நனைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பது பாரம் மட்டுமல்ல, ஆபத்து. முந்தானை சில்லுக்குள் போனால் விழவேண்டியதுதான். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையில்லாமல் பாடசாலைக்கு வந்தபோது நாடு முழுக்க வாக்குவாதமானது. நான் வகுப்பில் சேலை உடுக்கிறேன், விரும்பித்தான் உடுக்கிறேன். வீதியில் உடுப்பதில்லை. யூரியா உரப்பைக்கு உள்ளே ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, சேலை, பாவாடை, பிளவுஸ், துவாய், திருத்திய கொப்பிகள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று மடிப்பு மடித்து, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய றப்பரால் இறுக்கிவிடுவேன். அதன்மேல் சாதாரணத் துணிப்பை, பிறகு கரியரில். இந்த மூன்று மடிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. முடிச்சு மட்டும் போட்டால் தண்ணீர் சுருக்கங்களுக்குள்ளால் இறங்கிவிடும்.

சப்பாத்து வேண்டாம். பாட்டாச் செருப்பும் வேண்டாம். ஈரப் பெடலில் வழுக்கும். குதிக்காலில் வாருள்ள றப்பர் சாண்டில்ஸ் நல்லது. காலில் கீறலோ சேற்றுப்புண்ணோ இருந்தால் வாய்க்கால் வழிந்த தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். 2008இல் நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அந்தச் சந்தேகம் பதிவானது. வெள்ளத்தில் நடந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லுங்கள்.

தலைக்கு முன்விளிம்புள்ள தொப்பி. கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. கோட்டின் தலைமூடியை மட்டும் இழுத்துவிட்டால் திரும்பிப் பார்க்கும்போது மூடியின் உட்பக்கம்தான் தெரியும், பின்னால் வருகிற பஸ் தெரியாது. குடை பிடித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைக் கண்டால் நிறுத்திச் சொல்கிறேன்: குடைக்கு ஒரு கை போனால் மிஞ்சுவது ஒரு பிரேக், அதுவும் நனைந்த றிம்மில் தாமதித்துத்தான் பிடிக்கும். நிறமும் அப்படியே. கறுப்பும் கடும்நீலமும் மழை இருட்டில் வீதியோடு கலந்துவிடும். மஞ்சள், செம்மஞ்சள், இல்லாவிட்டால் வெள்ளை. பின்னால் சிவப்பு லைற் ஒன்று.

இத்தனையும் செய்து வந்து சேர்ந்தபின் உடுப்பு மாற்ற இடமில்லாவிட்டால் என்ன பயன்? பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் கார் நிற்கக் கூரை போடுகிறார்கள். சைக்கிளில் வருகிற பெண்ணுக்கு வேண்டியது உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை, சுவரில் நாலு ஆணி, ஒரு கொடிக்கயிறு, ஒரு கண்ணாடி. எங்கள் பாடசாலையில் எழுத்தில் கேட்டிருக்கிறோம். ஐப்பசிக்கு முன்னம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம்.