உஷார்! குட்டிக்கரணத்துக்கு 500 அடி போதாது

1980 ஜூன் 23, திங்கட்கிழமை. காலை எட்டு மணி சுமாருக்கு டெல்லி சஃப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து பிட்ஸ் எஸ்-2ஏ என்ற குட்டி விமானம் கிளம்பியது. இரண்டே இருக்கைகள். ஓட்டியவர் பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி, வயது 33. அமேதி எம்.பி. ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. உடன் டெல்லி ஃப்ளையிங் கிளப் பயிற்றுநர் கேப்டன் சுபாஷ் சக்சேனா. ஊருக்கு மேலே தாழ்வாகச் சாகசம் காட்டிக்கொண்டிருந்த விமானம் சில நிமிடங்களில் கட்டுப்பாடிழந்து விழுந்தது. இருவரும் பிழைக்கவில்லை.

இதில் அரசியலைத் தேடியவர்கள் நிறையப் பேர். ஃப்ளையிங் கிளப் பக்கம் போகிற இளசுகள் தேடவேண்டியது வேறு. பிட்ஸ், குட்டிக்கரணம் போடுவதற்கென்றே செய்த விமானம். 'அந்த வண்டி தாங்கும்' என்ற நம்பிக்கைதான் ஆளை அடிக்கிறது. வண்டி தாங்கும். உயரம் தாங்காது.

கணக்கு எளிது. 200 கி.மீ. வேகத்தில் மூக்கு நேர் கீழே திரும்பினால் 500 அடி கரைய மூன்று விநாடிகூட ஆகாது. அதற்குள் தப்பைப் புரிந்துகொண்டு, நிமிர்த்தி, மேலே ஏறவேண்டும். தரை பெரிதாகி வருவதைப் பார்த்த கை என்ன செய்யும்? ஸ்டிக்கைப் பலமாக வயிற்றை நோக்கி இழுக்கும். அங்கேதான் கண்ணி! நேராகப் பறக்கும்போது 100 கி.மீ.க்குக் கீழே ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடும் விமானம், 4 ஜி அளவுக்கு, அதாவது இறக்கை எடையைப்போல் நாலு மடங்கு சுமக்கும்படி, இழுத்தால் 200-லேயே ஸ்டால் ஆகிவிடும். பிழைக்க இழுத்த இழுப்பே விழவைக்கும். உயரம் இருந்தால் ஸ்டிக்கைத் தளர்த்தி, வேகம் பிடித்து மீளலாம். தாழ்வில் அந்த அவகாசம் ஏது?

தேர்ந்த கைகளே சறுக்கியிருக்கின்றன. 2003-ல் அமெரிக்காவின் இடாஹோவில், விமானப்படையின் சாகச அணியான தண்டர்பேர்ட்ஸின் விமானி ஒருவர், தரைமட்டம் குறைந்த தன் சொந்தத் தளத்தின் கணக்கை மேட்டுநிலத்தில் போட்டுவிட்டார். தரையிலிருந்து 2,500 அடியில் தொடங்கவேண்டிய கரணத்தை 1,670 அடியில் தொடங்கினார். தரையில் மோத ஒரு விநாடிகூட இல்லாதபோது இருக்கையோடு வெளியேறித் தப்பினார். ஃப்ளையிங் கிளப் விமானத்தில் அந்த இருக்கை கிடையாது. பாராசூட் கட்டியிருந்தாலும் அந்த உயரத்தில் அது வெறும் மூட்டை.

2015-ல் இங்கிலாந்தின் ஷோர்ஹாம் ஏர் ஷோவில் நடந்தது இன்னும் கொடுமை. ஹாக்கர் ஹன்டர் ஜெட், லூப்பின், அதாவது செங்குத்து வட்டத்தின், உச்சியில் குறைந்தது 3,500 அடியில் இருந்திருக்கவேண்டும், இருந்தது 2,700-ல். அந்த நொடியில் லூப்பைக் கைவிட்டு, அரைச் சுற்று உருண்டு நிமிர்ந்திருக்கலாம். விமானியோ தொடர்ந்து கீழே இழுத்தார். ஏ27 நெடுஞ்சாலையில் 11 பேர் செத்தார்கள். விமானி பிழைத்தார். செத்தவர்களில் யாரும் விமானத்தில் இருந்தவர்கள் இல்லை.

அமெரிக்காவில் 1,500 அடிக்குக் கீழே சாகசம் கூடாது என்பது பொதுவிதி. ஏர் ஷோ விமானிக்கும் எடுத்தவுடன் தரையோர அனுமதி இல்லை. முதலில் 800 அடி, அப்புறம் 500, அப்புறம் 250. சோதனையில் தேறித் தேறித்தான் இறங்கலாம். நம்மவர்களுக்கோ கீழே நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், கை துறுதுறுக்கும். வெயில் நாளில் காற்று மெலிந்து, இன்ஜின் சோர்ந்து, அதே கரணம் கூடுதல் அடிகளைத் தின்னும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வருமா?

பக்கத்து இருக்கைக்குக் கூப்பிடப்படுகிறவர்களே, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். "வாங்க, ஒரு லூப் காட்டறேன்" என்று நண்பர் அழைத்தால், கதவைச் சாத்துமுன் கேளுங்கள்: "எத்தனை அடியில தொடங்குவீங்க? உச்சியில எத்தனை அடி இல்லைன்னா விட்டுடுவீங்க?" இரண்டுக்கும் எண் பதிலாக வரவேண்டும். சிரிப்பு வந்தால் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.