எழுபது பிளாஸ்டர் கணக்கு

தினமும் இரவில் கடைக் கணக்கை சதம் தவறாமல் பார்க்கும் எம்மவர்கள் பலர், தமது சேர்ட் பொக்கட்டில் இருக்கும் பெட்டியின் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. நாளொன்றுக்குப் பதினைந்து சிகரட் குடிப்பவர் வருடத்துக்கு 5475 சிகரட் குடிக்கிறார். ஒரு சிகரட்டின் விலையை நான் இங்கே எழுதப் போவதில்லை. வரி கூடக் கூட ஏறும் பொருள் அது. இன்றைய விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடை வந்ததும் கல்குலேட்டர் பிழை என்றுதான் முதலில் நினைப்பீர்கள்.

"எல்லாம் தெரியும் நாநா, விடத்தான் முடியவில்லை" என்பதே அநேகரின் பதில். அது பொய்யல்ல. சிகரட்டை ஒருமுறை இழுத்தால் பத்து இருபது செக்கனில் நிக்கொட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. வருடக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, ஒரு நாள் திடீரென்று கொடுக்காவிட்டால் சும்மா இருக்குமா? கோபம், தூக்கமின்மை, எதிலும் மனம் நில்லாமை எல்லாம் வரும். முதல் சில நாட்கள்தான் மிகவும் கடுமை. விட்டவர் மூன்றாம் நாள் வாடிக்கையாளரோடு சண்டை பிடித்துவிட்டு, நாலாம் நாள் பெட்டிக்கடைக்குப் போய் நிற்பது இதனால்தான்.

இந்த இடத்தில் உதவுவதற்கு வந்ததே நிக்கொட்டின் பிளாஸ்டர். ஆங்கிலத்தில் 'பெட்ச்' என்பார்கள். அமெரிக்காவில் புகையிலை பிடுங்கும் தொழிலாளர்களுக்கு, ஈரமான இலையைத் தொட்டுத் தொட்டு, தோல் வழியாகவே நிக்கொட்டின் ஏறி வாந்தியும் தலைச்சுற்றும் வருவதுண்டு. கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மரே ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்தார்கள். தோல் வழியாக நோய் வருமென்றால் மருந்தும் போகுமே என்று யோசித்து, முதலில் தமது தோலிலேயே பரீட்சித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் வைத்தியரின் துண்டுடன் விற்பனைக்கு வந்த பிளாஸ்டர், 1996இல் அங்கே துண்டில்லாமலே வாங்கும் பொருளாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் நிக்கொட்டின் பிளாஸ்டரையும் சுவிங்கத்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

வியாபாரிக்குப் புரியும் பாஷையில் சொன்னால், இது கடனைத் தவணையில் தீர்க்கும் முறை. நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் குடிப்பவர் 21 மில்லிகிராம் பிளாஸ்டரை ஆறு வாரமும், பிறகு 14 மில்லிகிராமை இரண்டு வாரமும், கடைசியாக 7 மில்லிகிராமை இரண்டு வாரமும் ஒட்ட வேண்டும். நாளுக்கு ஒன்று வீதம் பத்து வாரத்துக்கு எழுபது பிளாஸ்டர். பத்தும் அதற்குக் குறைவாகவும் குடிப்பவர் 14இல் தொடங்கலாம். (16 மணித்தியாலம் மட்டும் ஒட்டும் வகையும் உண்டு, அதன் அளவுகள் வேறு.) எழுபதின் விலையைக் கேட்டதும் சிலருக்குத் தலை சுற்றும். ஆனால் அது முடிகிற செலவு. 5475 என்பது அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும்.

நான் கண்ட மட்டில் எம்மவர்கள் தோற்பது ஒரே இடத்தில்தான். இரண்டு வாரம் ஒட்டுவார்கள். ஆசை அடங்கியதும் "இனி எதற்கு வீண் காசு" என்று நிறுத்திவிடுவார்கள். தவணையைப் பாதியில் நிறுத்தினால் கடன் தீருமா? இன்னும் சிலர் செலவு மிச்சம் பிடிக்க பிளாஸ்டரைக் கத்தரியால் இரண்டாக வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாது.

பிளாஸ்டர் மெதுவாகத்தான் வேலை செய்யும். அது நாள் முழுக்க ஓர் அளவில் நிக்கொட்டினைக் கொடுத்து நடுக்கத்தையும் எரிச்சலையும் அடக்கும். பிளேன்டீ குடித்தவுடன் கை தானாகத் தேடுகிறதே, அந்தத் திடீர் ஆசைக்கு அது போதாது. அதற்கு நிக்கொட்டின் சுவிங்கத்தையோ மிட்டாயையோ சேர்த்துப் பாவித்தால், ஒன்றை மட்டும் பாவிப்பதைவிடப் பலன் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கெஷியர் மேசையிலிருக்கும் சாம்பல் கிண்ணத்தை எந்த மருந்தும் அகற்றாது, அதை நாம்தான் அகற்ற வேண்டும்.

நோன்பு காலம் இதற்கு நல்ல சந்தர்ப்பம். பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சிகரட் இல்லாமல் இருப்பவர், பேரீத்தம்பழம் வாயில் இருக்கும்போதே தீப்பெட்டியைத் தேடுவது பார்க்கவே பரிதாபம். நோன்போடு பிளாஸ்டர் ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, தோல் வழியாக உறிஞ்சப்படும் மருந்துப் பிளாஸ்டர்கள் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்திருக்கிறது. சுவிங்கத்தின் விடயம் வேறு, அது இஃப்தாருக்குப் பின்னர்தான். சந்தேகமிருந்தால் உங்கள் ஊர் உலமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முதலாளிமாருக்கு ஒரு விடயம். 2003இல் நியூயோர்க் நகர சபை சுமார் 34 ஆயிரம் பேருக்கு ஆறு வாரத்துக்கான பிளாஸ்டரை இலவசமாக அனுப்பியது. ஆறு மாதத்தின் பின் விசாரித்தபோது, கிடைத்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் விட்டிருந்தார்கள். தபால் தவறால் கிடைக்காமல் போனவர்களில் விட்டவர்கள் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே. அதே நாட்டின் சீவீஎஸ் என்ற பெரிய பாமஸி நிறுவனம், 2014இல் தன் கடைகள் அனைத்திலும் சிகரட் விற்பதையே நிறுத்தியது. வருடத்துக்குச் சுமார் 200 கோடி டொலர் விற்பனையை அது கைவிட்டது. எமது சில்லறைக் கடைக்காரர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். அந்நிறுவன ஊழியர்களையும் அவர்களது உறவினர், நண்பர்களையும் வைத்துச் செய்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. விட்டால் 800 டொலர் பரிசு என்றபோது பத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். சொந்தப் பணம் 150 டொலரை முதலில் கட்டு, விட்டால் பரிசோடு திருப்பித் தருகிறோம் என்றபோது நூற்றுக்கு 14 பேர்தான் சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் விட்டிருந்தவர்கள் பரிசுப் பிரிவில் நூற்றுக்கு 16, கட்டுப்பணப் பிரிவில் 10, எந்தப் பணமும் பேசப்படாத பிரிவில் 6 பேர். பெரும்பாலானோர் அப்போதும் விடவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் கடைப் பையனின் சம்பளத்தில் வெட்டுவேன் என்று மிரட்டுவதைவிட, பெருநாள் உடுப்போடு பத்து வாரப் பிளாஸ்டரையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்ல முதலீடு.

வாங்கும் முன் சில விடயங்கள். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வேறு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சுத்தமான, உலர்ந்த, முடியில்லாத தோலில், மேல் கையிலோ நெஞ்சிலோ முதுகிலோ ஒட்டுங்கள். தினமும் இடத்தை மாற்றினால் அரிப்புக் குறையும். இரவில் கெட்ட கனவு வந்தால் படுக்குமுன் கழற்றிவிடலாம். இடையில் ஒரு சிகரட் குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று பிளாஸ்டரைக் குப்பையில் போட வேண்டாம், மறுநாளும் ஒட்டுங்கள். தனியாக முடியாதவர்கள் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். கழற்றிய பிளாஸ்டரிலும் நிக்கொட்டின் மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.